தொரோங் லா தாண்டிய பிறகு ஒரு நாள் சும்மா சுற்ற எந்த ஊர் நல்லது?

கோவை_நடையன்:

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடக்கிற அன்னபூர்ணா சர்க்யூட் போகிறோம். நான், மனைவி, மச்சான், கூட ஒரு நேபாளி கைடு. பெசிசஹாரிலிருந்து சாமே வரை ஜீப், அங்கிருந்து நடை. அப்பர் பிசாங், மனாங், யாக் கர்கா, தொரோங் பேடி, அப்புறம் 5,416 மீட்டர் உயரத் தொரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத்தில் இறங்குவது. இதுவரை சரி.

கைடு அனுப்பிய திட்டத்தில் முக்திநாத் வந்த மறுநாள் காலையே ஜீப்பில் ஜோம்சோம், அதற்கடுத்த நாள் விமானத்தில் பொக்ரா என்று இருக்கிறது. எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. அவ்வளவு தூரம் போய், தினமும் விடியற்காலையில் எழுந்து பையைக் கட்டி, மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு, அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஊர்களை ஜீப் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திரும்புவதா? ஒரு நாளாவது பையைத் தொடாமல், எந்த இடத்துக்கும் இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றில்லாமல், தெருத்தெருவாகச் சுற்றி, நினைத்த இடத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். ஓரிரு நாள் கூடுதலாக எடுக்க முடியும்.

இன்னொன்று. மாமனாரும் மாமியாரும் பொக்ராவிலிருந்து ஜீப்பில் முக்திநாத் தரிசனத்துக்கு வருகிறார்கள். நாங்கள் மலையிலிருந்து இறங்கும்போது அவர்களும் அங்கே இருந்தால் அந்த ஓய்வு நாளை எல்லோரும் சேர்ந்து கழிக்கலாம் என்று ஆசை. மாமனாருக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக நடப்பார்.

எந்த ஊரில் தங்கலாம்? மனாங்கில் போட்டிருக்கிற ஓய்வு நாளை எடுத்துவிட்டு அதை இந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாமா என்று மச்சான் கேட்கிறான். அதுவும் சரிவருமா சொல்லுங்கள்.

தஞ்சை_மலையேறி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனாங் ஓய்வு நாளில் கை வைக்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

சாமே 2,700 மீட்டருக்குள். மனாங் 3,540. நீங்கள் கடக்கப் போவது 5,416. மூவாயிரத்துக்கு மேலே போனால், இரவு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஒரு நாள் கூடுதலாக அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. முன்பெல்லாம் பெசிசஹாரிலிருந்தே நடந்து வருவார்கள், அதனால் மனாங் வருவதற்குள் உடம்பு பாதி பழகியிருக்கும். இப்போது ரோடு மனாங் வரைக்கும் வந்துவிட்டது, நீங்களும் சாமே வரை ஜீப்பில்தான் போகிறீர்கள், அதனால் அந்த நாள் உங்களுக்கு முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. மச்சான் ஜிம்முக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, மாரத்தான் ஓடுகிறவராக இருந்தாலும் சரி, உயரத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. நன்றாக ஓடுகிறவர்கள்தான் வேகமாக ஏறி வேகமாக விழுவார்கள்.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் உதவி மையம் இருக்கிறது. சீசனில் மருத்துவர்கள் தன்னார்வலர்களாக வந்து தங்கியிருப்பார்கள். மதியம் 3 மணி வாக்கில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள், இலவசம்தான். மூன்று பேரும் கைடையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். தலைவலி எப்போது சாதாரணம், எப்போது ஆபத்து, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினால் என்ன அர்த்தம், இதையெல்லாம் இங்கே ஊரில் யூட்யூபில் கேட்பதற்கும் கணவாய்க்கு முன்னால் உட்கார்ந்து கேட்பதற்கும் நிறைய வித்தியாசம்.

அதே நேரம் மனாங்கில் ரூமிலேயே போர்வைக்குள் கிடக்கவும் கூடாது. கொஞ்சம் மேலே ஏறிவிட்டுத் தூங்கக் கீழே வந்துவிட வேண்டும். கங்காபூர்ணா ஏரிக்கு மேலே சோங்கோர் என்று ஒரு காட்சி முனை இருக்கிறது, அது போதும். ஐஸ் லேக்குக்குப் போகலாம் என்று லாட்ஜில் யாராவது உசுப்பேற்றுவார்கள். அது 4,600 மீட்டர், மனாங்கிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அழகான இடம், சந்தேகமில்லை. ஆனால் அது ஓய்வு நாள் ஆகாது, இன்னொரு முழு நாள் மலையேற்றம்.

என்னைக் கேட்டால் காலையில் பிராகா போங்கள். மனாங்குக்கு வருகிற வழியில் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள், ஆனால் அன்று களைப்பில் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாறையை ஒட்டி அடுக்கடுக்காக வீடுகள், கீழ் வீட்டின் மொட்டை மாடிதான் மேல் வீட்டுக்கு முற்றம். ஏணி என்பது ஒரே மரத்தண்டில் படிப்படியாக வெட்டிய பள்ளங்கள், அவ்வளவுதான். அதில் பாட்டிமார்கள் விறகுக் கட்டோடு ஏறுவதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே பழைய கோம்பா, அதாவது பௌத்த மடாலயம். பூட்டியிருந்தால் கீழே வீடுகளில் விசாரியுங்கள், சாவி வைத்திருப்பவர் வந்து திறந்துவிடுவார். உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்ததும் மனாங்கின் பழைய பகுதிக்குள் நுழையுங்கள். பெரும்பாலானவர்கள் லாட்ஜ் வரிசையைப் பார்த்துவிட்டு அதுதான் ஊர் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குப் பின்னால்தான் ஊரே இருக்கிறது. இந்த மனாங்காரர்களுக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேபாள அரசர் தனியாக வணிகச் சலுகை கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பர்மா, சிங்கப்பூர் வரை வியாபாரம் பண்ணப் போனவர்கள் இவர்கள். ஒரு கழுதை போகிற அகலம்கூட இல்லாத சந்தில் நிற்கும் ஒரு கல்வீட்டுப் பெரியவர் உங்களிடம் சிங்கப்பூரைப் பற்றிப் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பனிக்காற்று:

தஞ்சை அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். மனாங் ஓய்வு உடம்புக்கு. நீங்கள் கேட்கிற ஓய்வு வேறு, அது மனசுக்கு. இரண்டுமே வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று கணக்குப் போட முடியாது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றால் என் ஓட்டு காக்பேனிக்கு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

முக்திநாத்தில், அதாவது கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில், ஒரு இரவு போதும். கணவாயிலிருந்து கிட்டத்தட்ட 1,600 மீட்டர் ஒரே மூச்சில் இறங்கியிருப்பீர்கள், முழங்கால் கெஞ்சும், அன்று வேறு எதுவும் ஓடாது. ஆனால் ராணிபௌவா ஒரே கடைத்தெரு. ஜீப், பஸ், லாட்ஜ், ஹாரன். காக்பேனி அதற்கு நேர் எதிர். 2,800 மீட்டர்தான், அதனால் ராத்திரி தூக்கம் அப்படி வரும். ஒரு வாரத்துக்குப் பிறகு நடு ராத்திரியில் மூச்சுக்காக எழுந்து உட்காராமல் தூங்குவது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரியும்.

ஊரே ஒரு கோட்டை மாதிரி நெருக்கிக் கட்டியது. சில சந்துகள் வீடுகளுக்கு அடியிலேயே போகும், பட்டப்பகலில் இருட்டு, தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கும், பக்கத்துக் கதவுக்குப் பின்னால் மாடு செருமும். வெளியே வந்தால் திடீரென்று ஒரு சோர்டெனுக்கு, அதாவது பௌத்தத் தூபிக்கு, அடியில் நிற்பீர்கள், அண்ணாந்து பார்த்தால் உள்கூரையில் பழைய மண்டல ஓவியங்கள். ஊர் நுழைவில் மண்ணால் செய்த காவல் உருவங்கள் நிற்கின்றன, ஆண் ஒன்று, பெண் ஒன்று. நம் ஊர் எல்லைச்சாமி நினைவுக்கு வராமல் இருக்காது. செங்காவி பூசிய மடாலயம் ஒன்று இருக்கிறது, 1429இல் தொடங்கியது, இன்றும் சின்னப் பையன்கள் அங்கே படிக்கிறார்கள். மாலையில் ஆட்டு மந்தை சந்துகள் வழியாகத் திரும்பும். அந்த நேரத்தில் நடுச் சந்தில் மாட்டிக்கொண்டால் சுவரோடு ஒட்டி நின்று எல்லா ஆடும் போகிற வரை காத்திருக்க வேண்டியதுதான். நான் அங்கே பார்த்ததில் இதைத்தான் இன்னும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வடகோடியில் ஒரு சோதனைச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம் அப்பர் முஸ்தாங், தனி அனுமதி இல்லாமல் போக முடியாது. 1992 வரை வெளிநாட்டவருக்கு மூடியே கிடந்த பகுதி. சாவடி வரைக்கும் போய் நின்று அந்தச் செம்மண் மலைகளைப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

முக்கியமான ஒன்று: காற்று. முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும். வடக்கே திபெத்துப் பக்கத்து மேட்டுநிலம் வெயிலில் சூடாகி, அங்கே காற்று மேலே எழும்ப, கீழே இருக்கிற காற்றை எல்லாம் இந்த ஒரு இடுக்கு வழியாக இழுக்கிறது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலாகிரி, மறு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, நடுவில் இந்த ஆறு, வேறு எப்படிப் போகும்? மணலையும் சின்னக் கல்லையும் முகத்தில் வாரி அடிக்கும். அதனால் ஆற்றங்கரை, வயல், திறந்தவெளி எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஊருக்குள் இருங்கள். சந்துகளுக்குள் காற்று அவ்வளவாக வராது. மாஸ்க், கண்ணாடி மறக்க வேண்டாம்.

ஸ்ரீரங்கத்துப்_பேத்தி:

பெரியவர்கள் வருவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அம்மா அப்பாவை நான்தான் கூட்டிப் போனேன்.

திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய சாளக்கிராமம் என்கிற தலம் இந்த முக்திநாத் என்றுதான் நம் பக்கத்திலிருந்து அவ்வளவு பேர் போகிறார்கள். 108 திவ்ய தேசங்களில் இந்தியாவுக்கு வெளியே, இந்தப் பூமியில், நாம் போகக்கூடியது இது ஒன்றுதான். அதனால் சீசனில் கோயில் வாசலில் தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியமே இல்லை, உங்கள் மாமியாருக்குப் பேச்சுத் துணை கட்டாயம் கிடைக்கும்.

ஆனால் டூர்க்காரர்கள் போடுகிற திட்டம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பொக்ரா 800 மீட்டர் சொச்சம். அங்கிருந்து ஜீப்பில் ஏற்றி, அன்று ராத்திரியே 3,700 மீட்டர் ராணிபௌவாவில் படுக்க வைத்தால் அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரத்தான் செய்யும். தரிசனம் செய்ய வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. மாமனார் மாமியாரை மேலே தங்க வைக்காதீர்கள். மார்ஃபாவிலோ காக்பேனியிலோ முதல் இரவு, முடிந்தால் இரண்டு இரவு. ஒரு காலை வேளையில் ஜீப்பில் மேலே போய்த் தரிசனம் முடித்து மதியத்துக்குள் இறங்கிவிடலாம். பிபி மாத்திரை எடுப்பதால் கிளம்பும் முன்னால் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், உயரத்துக்கான மாத்திரையும் அவர் சொல்லாமல் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்குக் கொஞ்ச தூரம் ஏற்றமும் படிகளும் உண்டு. குதிரை கிடைக்கும். நடப்பதாக இருந்தால் பத்து அடிக்கு ஒரு தடவை நின்று நின்று போகச் சொல்லுங்கள், யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள், மாட்டுத் தலை வடிவ வாய்களிலிருந்து பனித்தண்ணீர் கொட்டும். எல்லாத் தாரைக்கும் அடியில் ஓடி நனைவது வழக்கம். இளைஞர்கள் நனையட்டும். மாமனாரிடம் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அங்கே போய்ச் சொன்னால் கேட்க மாட்டார். மாற்றுத் துணியும் துண்டும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் கையோடு இருக்கட்டும்.

அப்படியே ஜ்வாலா மாயி கோயிலையும் பாருங்கள். பாறையிலிருந்து வருகிற இயற்கை வாயுவில் ஒரு சின்ன நீலச் சுடர், பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், பிக்குணிகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிய கையோடு அங்கே போய்க் குனிந்து அந்தச் சுடரைப் பார்த்தபோது அம்மா ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

காக்பேனி ஆற்றுச் சங்கமத்தில் பிதுர் காரியம் செய்கிறவர்கள் நிறைய. மாமனாருக்கு அந்த எண்ணம் இருந்தால் காலையிலேயே செய்துவிட வேண்டும், பனிக்காற்று சொன்ன அதே காற்றுதான் காரணம்.

சாளக்கிராமக் கல் தெருவெங்கும் விற்பார்கள். ஜுராசிக் காலத்தில் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் படிமம்தான் அந்தக் கல்லில் தெரிகிற சக்கரம். வீட்டில் வைத்து ஆராதிக்கிறவர்கள் வாங்கட்டும். சும்மா ஷோகேஸில் வைக்க வாங்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

மிளகு_ரசம்:

காக்பேனிக்கு ஆள் இருக்கிறது, மார்ஃபாவுக்காகப் பேச யாரும் இல்லையா? நான் பேசுகிறேன்.

ஜோம்சோமிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான், சுமார் 2,650 மீட்டர். வெள்ளையடித்த கல்வீடுகள், தெரு முழுக்கப் பலகைக் கல் பாவியிருக்கும், அந்தக் கல்லுக்கு அடியிலேயே வாய்க்கால் ஓடும். ராத்திரி தெருவில் நடந்தால் காலுக்குக் கீழே தண்ணீர் சத்தம் கேட்கும். மொட்டை மாடி ஓரம் முழுக்க விறகு அடுக்கியிருப்பார்கள், எவ்வளவு விறகு இருக்கிறதோ அவ்வளவு வசதியான வீடு. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதால் வெளியே அவ்வளவு காற்று அடிக்கும்போது தெருவுக்குள் அமைதியாக இருக்கும். மதியம் முழுவதும் வெளியே சுற்ற முடிகிற ஊர் என்பதால்தான் ஓய்வு நாளுக்கு இது காக்பேனியைவிட நல்லது என்கிறேன்.

அக்டோபர் ஆப்பிள் காலம். 1960களில் அரசு தோட்டக்கலைப் பண்ணை வந்ததிலிருந்து இந்த ஊரே ஆப்பிளில்தான் வாழ்கிறது. ஆப்பிளை வட்டம் வட்டமாக அறுத்து மாடியில் காயப் போட்டிருப்பார்கள். உலர்த்தியது, ஜாம், ஜூஸ், சாராயம் எல்லாம் கிடைக்கும். உலர் ஆப்பிளை மட்டும் ரொம்பக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சென்னை வெக்கைக்குப் பூசணம் பிடித்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். இது தகாலி மக்களின் ஊர். நேபாளம் முழுக்கத் தகாலிச் சாப்பாடு என்றால் தனி மதிப்பு. வெண்கலத் தட்டில் சோறு, நடுவில் குழி பறித்து நெய், பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். பருப்புக்கு ஜிம்பு தாளிப்பார்கள். மலையில் விளைகிற ஒரு வகைப் பூண்டுத் தாள், காய வைத்தது. நெய்யில் விழுந்ததும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை எழும்பும், தெருக்கோடி வரை வரும். அதை ஒரு பொட்டலம் வாங்கி வந்து ரசத்துக்குத் தாளித்துப் பாருங்கள், அப்புறம் என்னிடம் சொல்லுங்கள். சோறு வேண்டாம் என்றால் பக்வீட் மாவில் கிண்டிய திண்டோ கேளுங்கள், களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது அன்னியமாகவே தெரியாது. மாமனார் மாமியார் சைவமாக இருந்தால் இந்த ஊரில் ஒரு கவலையும் இல்லை, சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

ஊர் நடுவில் படியேறிப் போனால் கோம்பா. எகாய் கவாகுச்சி என்ற ஜப்பானியத் துறவி 1900இல் திபெத்துக்குள் மறைவாக நுழைவதற்கு முன் தங்கியிருந்த வீட்டையும் காட்டுவார்கள். நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே துகுச்சே. திபெத்து உப்பும் கீழிருந்து வந்த தானியமும் கை மாறிய சந்தை அது. உப்பு வியாபாரம் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. செதுக்கிய ஜன்னலும் முற்றமுமாகப் பெரிய பெரிய வீடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்கள் யாராவது போனால் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

கோவை_நடையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மச்சானிடம் தஞ்சை அண்ணனின் பதிலைக் காட்டினேன், மனாங் பேச்சை விட்டுவிட்டான்.

இப்போது யோசிப்பது இதுதான். மாமனார் மாமியார் முதலில் மார்ஃபாவில் இரண்டு இரவு. நாங்கள் கணவாய் தாண்டி ராணிபௌவாவில் தூங்குகிற மறுநாள் காலை அவர்கள் ஜீப்பில் மேலே வந்து சேர, எல்லோருமாகத் தரிசனம். அப்புறம் அவர்கள் ஜீப்பில் காக்பேனிக்கு இறங்க, நாங்கள் நடந்து வருகிறோம். அடுத்த நாள் முழுக்கக் காக்பேனியில் ஓய்வு. ரோட்டில் நடக்காமல் இறங்க வேறு வழி இருக்கிறதா? புழுதி அதிகம் என்று கேள்விப்பட்டேன். விமானமா ஜீப்பா என்பதும் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

பனிக்காற்று:

வழி இருக்கிறது, அதுதான் நல்ல வழியும். முக்திநாத்திலிருந்து பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, சோங்கர், ஜோங் என்று ஊர் ஊராக இறங்கிக் காக்பேனி வரலாம். ஜீப் ரோடு தெற்குப் பக்கம், நீங்கள் வடக்குப் பக்கம். ஜோங்கில் இடிந்த கோட்டையும் அதையொட்டி ஒரு மடாலயமும் குன்றின் மேல் இருக்கின்றன, அங்கே நின்று பார்த்தால் முந்தைய நாள் நீங்கள் இறங்கி வந்த தொரோங் லா முழுசாகத் தெரியும். எவ்வளவு உயரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று அங்கேதான் புரியும். அரை நாள் நடை. தரிசனம் முடித்துக் கிளம்பினால் மதியக் காற்று எதிரே அடிக்கும், முகத்தை மூடிக்கொண்டு நடக்க வேண்டும், அதற்குத் தயார் என்றால் போங்கள்.

முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் தெற்குப் பக்கத்தில் ஜார்கோட் வரை மட்டும் நடந்துவிட்டு அங்கிருந்து ஜீப் பிடியுங்கள். சின்ன ஊர், மண்ணும் கல்லுமாக ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். முக்கால்வாசி ஜீப்புகள் அங்கே நிற்பதுகூட இல்லை. மாமனாரையும் அங்கே கொஞ்ச நேரம் இறக்கி நடக்க விடலாம்.

எந்த ஊரானாலும் மணிச் சுவர் (மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர்), பிரார்த்தனைச் சக்கரம் வந்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரி கடந்து போங்கள், நாம் பிரகாரம் சுற்றுகிற அதே முறைதான். மாமியாருக்குச் சொல்லவே வேண்டியிருக்காது.

தஞ்சை_மலையேறி:

விமானத்தை நம்பி டிக்கெட் சங்கிலி போடாதீர்கள். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான் பறக்கும், காற்று எழும்பிவிட்டால் அன்றைக்கு முடிந்தது. மேகம் இறங்கினாலும் ரத்து. பறந்தால் இருபது நிமிஷம், அற்புதமான காட்சி. பறக்காவிட்டால் ஜீப்தான், பொக்ராவுக்கு ஒரு முழு நாள் ஆகும். பெரியவர்களோடு ஜீப் என்றால் நடுவில் தாதோபானியில் ஒரு இரவு தங்கிவிடுங்கள், 1,200 மீட்டர், வெந்நீர் ஊற்று இருக்கிறது. முழங்கால் வலிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கூடுதலாக எடுக்கிற நாட்களில் ஒன்றைக் கணவாய்க்கு முன்னாலும் கையில் வைத்திருங்கள். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டு நாளில் அதன் மிச்சம் அன்னபூர்ணாவில் பெரும் பனிப்புயலாக இறங்கி, தொரோங் லாவிலும் சுற்றுவட்டார மலைகளிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் திட்டப்படி அன்றே கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்று ஏறினவர்கள். நாம் வங்காள விரிகுடாப் புயல் செய்தியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள், அக்டோபரில் அதைப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. நீங்கள் மனாங்கில் இருக்கும்போது ஆந்திரா, ஒடிசா பக்கம் புயல் சின்னம் என்று கேள்விப்பட்டால் பேசாமல் மனாங்கிலேயே இருங்கள். அங்கே பேக்கரி இருக்கிறது, சின்னச் சின்ன அறைகளில் படம் போடுகிறார்கள், சீபக்தார்ன் என்கிற முள்செடிப் பழத்தின் ஜூஸ் சூடாகக் கிடைக்கும், புளிப்பாக நன்றாக இருக்கும். இரண்டு நாள் ஓட்டுவது கஷ்டமே இல்லை. அதனால் காக்பேனி நாள் போய்விட்டாலும் பரவாயில்லை.

மிளகு_ரசம்:

அப்படிக் காக்பேனி நாள் போனாலும் மார்ஃபா போகாது, எப்படியும் மாமனார் மாமியார் அங்கேதானே தங்கப் போகிறார்கள்! பொக்ரா போகிற வழியும் அதுதான்.

ஒன்றிரண்டு சில்லறை விஷயங்கள். பணத்தைப் பொக்ராவிலேயோ காட்மாண்டுவிலேயோ நேபாள ரூபாயாக எடுத்துக்கொள்ளுங்கள், மனாங் பக்கம் கார்டை நம்ப வேண்டாம். லாட்ஜில் ரூம் வாடகை குறைவாக இருக்கும், அதற்குப் பதிலாக ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். ஓய்வு நாளில் மதியச் சாப்பாட்டை மட்டும் வேறு கடையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. கைடுக்கும் அன்று லீவு கொடுங்கள், அவருக்கும் கால் வலிக்கும். மனிதர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், அதுவும் மடாலயத்துக்குள் கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம்.

போய் வந்ததும் இதே இழையில் எழுதுங்கள். ஜிம்பு எனக்கு ஒரு பொட்டலம்.

கோவை_நடையன்:

கண்டிப்பாக எழுதுகிறேன். இன்றைக்குக் கைடிடம் பேசிவிட்டேன். மனாங்கில் ஓய்வு நாள் போக இன்னொரு நாளை வானிலைக்காக ஒதுக்கியாகிவிட்டது, ஜோம்சோம் விமான டிக்கெட்டை எடுக்கவே இல்லை. ஜோங் வழி அவருக்கு நன்றாகத் தெரியுமாம், அந்தப் பக்கம் யாரும் கேட்பதே இல்லை என்று அவருக்குச் சந்தோஷம். மாமனார் நாளைக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறார். ஜிம்பு இரண்டு பொட்டலமாக வாங்குகிறேன்.